எதிர்ச்சுற்று

அந்தச் சத்தம் இருட்டிய பிறகு வந்தது. இருட்டிய பிறகு என்றதும் நடுச்சாமம் என்று நினைத்துவிடக் கூடாது. பின்லாந்தின் வடகோடியில், ஐப்பசிக் கடைசியில், பிற்பகல் மூன்றரைக்கே சூரியன் போர்த்துக்கொண்டு படுத்துவிடும். கொன்சலா அப்போது தேநீருக்குக் கேத்தல் வைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் 'பியூ...' என்று ஒரு நீண்ட இழுப்பு. வானத்தின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் கம்பி கட்டி, யாரோ ஒரு நுனியில் சுண்டிவிட்டதுபோல. அது தேய்ந்து கீழே இறங்கி, நிலத்தின் வயிற்றுக்குள் போய் 'ம்ம்...' என்று முனகியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டொக். டொக். டொக்.

கொன்சலா கேத்தலை அப்படியே விட்டுவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இரண்டரை வயது அமலிக்கு அது விளையாட்டாயிருந்தது. தாயின் காதுக்குள் அவளும் "பியூ..." என்றாள்.

"தங்கச்சி, அது என்ன?"

மேசையருகில் இருந்து சப்பாத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த வாகினி நிமிரவில்லை.

"எது அக்கா?"

"இப்ப கத்தினதே, அது! உமக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"என்ன அது?"

"நல்ல கேள்வி," என்றாள் வாகினி. மற்றச் சப்பாத்தை எடுத்தாள்.

கொன்சலா கதவைப் பார்த்தாள். தடித்த மரக் கதவு. உள்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள். அது போடாமல் கிடந்தது.

"தாழ்ப்பாளைப் போடட்டோ?"

"எல்லாரும் வந்தபிறகு போடலாம்."

"ஆர் எல்லாரும்? இஞ்ச நாங்கள் மூண்டு பேர்தானே."

வாகினி மேசையில் இருந்த கொப்பியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். அன்று பாதையில் நடக்கப் போனவர்கள் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகும் கொப்பி அது. திரும்பி வந்ததும் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரி போடவேண்டும். அன்றைக்கு ஐந்து பெயர்கள் இருந்தன. மூன்று சரி இருந்தது.

அவர்கள் இருந்தது ஒரு தேசியப் பூங்கா. அதில் நூறு கிலோமீற்றர் நடக்கும் வீரர்களுக்கென்று பெரிய பாதைகள் உண்டு. வாகினி பார்த்துக்கொண்ட பாதை அப்படிப்பட்டதல்ல. மூன்றே கிலோமீற்றர். ஏற்றமில்லை, இறக்கமில்லை. சதுப்பு நிலத்துக்கு மேல் பலகை போட்டிருக்கும். பிள்ளை வண்டி தள்ளலாம், கிழவர்கள் பொல்லூன்றிப் போகலாம். அவர்கள் இருந்த காவல் வீட்டின் பின்பக்கம் தொடங்கி, காட்டுக்குள் போய், ஒரு ஏரியைச் சுற்றி, அதே வீட்டின் முன்வாசலில் வந்து முடியும். வழிமாற முடியாது. கம்பத்துக்குக் கம்பம் மஞ்சள் அம்பு.

இந்தக் கதையில் குரு இளையவள். வாகினிக்கு இருபத்தாறு வயது. நாலு வயதில் தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்தப் பனியிலேயே வளர்ந்தவள். நாலு வருடமாக இந்தப் பாதையின் காப்பாளர். சிஷ்யை கொன்சலாவுக்கு முப்பத்திரண்டு. வந்து மூன்று வருடம். கணவன் றெஜி தெற்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். மகளை மாதத்தில் இரண்டு முறை பார்ப்பான். வாகினி மேலே படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் கொன்சலா இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். வேலையோடு வீடும் வரும். வீடு வந்தால் றெஜியும் வருவான். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே படுக்கலாம்.

ஒரு கிழமை பயிற்சி. திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. ஞாயிற்றுக்கிழமை வாகினி அலுவலகத்துக்கு 'ஆள் பொருந்தும்' அல்லது 'பொருந்தாது' என்று ஒரு வரி எழுதிவிட்டு பஸ் ஏறுவாள்.

இது திங்கட்கிழமை. மீதி இரண்டு பேரும் நாலரைக்குத்தான் வந்தார்கள். அதுவரைக்கும் கொன்சலா தாழ்ப்பாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கேட்டாள்.

"தங்கச்சி, தொடங்கின இடத்திலயே வந்து முடியிற பாதையை ஏன் போட்டவை? போய்ச்சேர ஒரு இடம் வேண்டாமே?"

"ஒருக்காச் சுத்திப்போட்டு வாங்கோ, சொல்லுறன்."

அமலியைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு கொன்சலா போனாள். ஒன்றரை மணித்தியாலத்தில் வந்தாள்.

"என்ன கண்டீங்கள்?"

"ஏழு அறிவிப்புப் பலகை. இருக்கிறதுக்கு ஒரு வாங்கு. ஒரு ஏரி."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை."

"அப்ப இன்னொருக்காச் சுத்துங்கோ."

"விளையாடுறீரோ?"

"கொன்வென்ற்றில படிச்ச பிள்ளை எண்டு சொன்னீங்கள். சொல்வழி கேப்பீங்கள் எண்டு நினைச்சன்."

கொன்சலா முறைத்தாள். ஆனால் போனாள். சொல்வழி கேட்காமலிருக்க அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் விடுதியில் இருந்தவள். ஆறு மணிக்கு மணி அடிக்கும். சாவிக்கொத்தோடு சிஸ்டர் ஒருவர் வந்து விடுதிக் கதவைப் பூட்டுவார். 'கிளிக்' என்று அந்தப் பூட்டு விழுகிற சத்தத்தில்தான் அவளுக்கு நித்திரையே வரும். கலியாணம் கட்டிய பிறகும், பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான்.

இரண்டாம் முறை சுற்றி வந்து வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டினாள்.

"என்ன கண்டீங்கள்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் வாகினி.

"கதவு."

"என்ன கதவு?"

"இந்தக் கதவுதான். வெளிப்பக்கத்தை இப்பத்தான் வடிவாப் பாத்தனான். பூட்டுமில்லை, சாவி போடுற ஓட்டையுமில்லை. உள்ளுக்கு மட்டும் தாழ்ப்பாள்."

வாகினி முதல்முறையாகக் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"இந்த ஊர்க் காட்டு வீடுகளுக்கு அப்பிடி ஒரு வழக்கம் அக்கா. வெளியில நிக்கிறவை எப்ப வந்தாலும் திறக்கவேணும். கடைசியா வாறவைக்குத்தான் முதல் உரிமை. அடுப்புக்குப் பக்கத்து இடம் அவைக்கு."

"இதென்ன தலைகீழ்ச் சட்டம்? முதல் வந்தவனெல்லே நல்ல இடம் பிடிப்பான்."

"முதல் வந்தவர் குளிர் காய்ஞ்சு முடிச்சிட்டார்தானே."

கொன்சலா உள்ளே வந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப தாழ்ப்பாள் என்னத்துக்கு?"

"காத்துக்கு. ராவில காத்து அடிச்சா கதவு திறந்துபோடும். எல்லாரும் வந்தபிறகு போடலாம். அதுக்கு முதல் போட்டா..." வாகினி தன் கையைக் காட்டினாள். "விறைச்ச கையால தட்டினா உள்ளுக்குச் சத்தம் கேக்காது."

புதன்கிழமை வாகினி அவளைப் பின்னேரச் சுற்றுக்குக் கூட்டிப்போனாள். நடக்கப் போனவர்கள் யாராவது பாதையில் மிச்சமிருக்கிறார்களா என்று பார்க்கும் கடைசிச் சுற்று அது. அமலி வண்டியில் போர்வைக்குள் இருந்தாள். பின்பக்கம் போகாமல் வாகினி முன்வாசலால் இறங்கி ஏரிப்பக்கம் நடந்தாள்.

"தங்கச்சி, அம்பு அங்கால காட்டுது."

"தெரியும்."

"அப்ப நாங்கள் பிழையாப் போறம்."

"ஓம். காவல்காரர் எப்பவும் எதிர்ச்சுத்துத்தான்."

"ஏன்?"

"பின்னால போனா முதுகுதான் தெரியும். அதுவும் எட்டிப் பிடிச்சாத்தான். எதிர போனா, பாதையில நிக்கிற ஒவ்வொருத்தற்ர முகமும் தன்ர பாட்டில வரும்."

அன்றைக்கு ஏரி வெறும் சாம்பல் நிறமாக, வாயைத் திறக்காமல் கிடந்தது. எதிரே ஒரு கிழவனும் கிழவியும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். கொன்சலாவுக்கு அந்த மாலை நன்றாயிருந்தது. அன்று சத்தமும் வரவில்லை.

வியாழக்கிழமை குளிர் திடுமென்று கூடியது. வாகினி தன் பெயரைக் கொப்பியில் எழுதிவிட்டு, "நான் சுத்திப்போட்டு வாறன். கதவு கவனம்," என்று சொல்லிப் போனாள். கொன்சலாவும் அமலியும் வீட்டில். மணி மூன்றரை.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அது தொடங்கியது. திங்களன்று வந்தது ஒன்றுமேயில்லை. இப்போது ஒன்றல்ல, பத்துக் கம்பிகள். வானத்திலிருந்தா, மரங்களுக்குள்ளிருந்தா, வீட்டுக்குக் கீழேயிருந்தா என்று தெரியவில்லை. ஒன்று அலறினால் இன்னொன்று பதில் சொன்னது. கண்ணாடி யன்னல் மெல்ல அதிர்ந்தது. கொன்சலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுவறையில் நின்றாள். அடுத்த அலறலுக்கு அவள் என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. தாழ்ப்பாள் விழுந்திருந்தது. உள்ளறைக்குள் போய், பிள்ளையையும் தன்னையும் சேர்த்துப் போர்வையால் மூடி, செபமாலையை எடுத்தாள்.

டொக். டொக். டொக்.

"சித்தி," என்றாள் அமலி. வாகினியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ச்சூ. அது சத்தம்."

மெத்தென்று இன்னும் நாலு முறை. டொக். டொக். டொக். டொக்.

"அம்மா, சித்தி டொக் டொக்."

"சித்தி இல்லையம்மா. வாயை மூடு ராசாத்தி. அருள் நிறைந்த மரியே..."

செபமாலை ஒரு முழுச் சுற்று முடிந்தது. அமலி போர்வைக்குள் நெளிந்து, வழுக்கி, இறங்கி ஓடிவிட்டாள். கொன்சலா பின்னால் பாய்ந்து வந்தபோது பிள்ளை கதவில் இரண்டு கையையும் வைத்து நின்று, "சித்தீ!" என்று கத்திக்கொண்டிருந்தது.

வெளியிலிருந்து ஏதோ சொன்னது. மிகச் சின்னக் குரல்.

கொன்சலா தாழ்ப்பாளை இழுத்தாள்.

வாகினியின் கண்ணிமை மயிரெல்லாம் வெள்ளை. உதடு நீலம். உள்ளே வந்தவள் நேரே மேசைக்குப் போனாள். பேனையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பேனையை வைத்து நெரித்து, தன் பெயருக்கு நேரே ஒரு கோணல் சரி போட்டாள். பிறகுதான் அடுப்படியில் இருந்தாள்.

கொன்சலா அவளுடைய கையுறையைக் கழற்றினாள். தேநீர்க் கோப்பையைத் தானே பிடித்து வாயில் வைத்துக் கொடுத்தாள். கோப்பையில் பல் அடித்தது.

"தட்டியிருக்கலாமே, தங்கச்சி! ஏன் தட்டாமல் நிண்டனீர்?"

"தட்டினன்."

"எப்ப?"

"முதல் மூண்டு தரம். பிறகு நாலு தரம். பிறகு கை ஏலாமப் போச்சு, கத்தினன். உங்களுக்கு என்ன கேட்டது?"

கொன்சலா நிலத்தைப் பார்த்தாள்.

"சத்தம்," என்றாள்.

"ம்," என்றாள் வாகினி.

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. அமலி வாகினியின் மடியில் ஏறி, அவளுடைய இமையில் கரைந்து வடிந்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் பொருந்த மாட்டன், என்ன? எழுதப் போறீரோ?"

"ஞாயிற்றுக்கிழமைதான் எழுதவேணும். இண்டைக்கு வியாழன்."

"அந்தச் சத்தம் என்னெண்டு மட்டும் சொல்லும். உமக்குத் தெரியும்தானே. சொன்னா நான் பயப்பிட மாட்டன்."

"சொல்லலாம்."

"சொல்லுமன்!"

வாகினி யோசித்தாள். பிறகு நெற்றி விளக்கைக் கழற்றிக் கொன்சலாவின் கையில் வைத்தாள்.

"நாளைக்குக் கடைசிச் சுத்து நீங்கள். தனிய. பிள்ளையோட நான் இருக்கிறன்."

வெள்ளிக்கிழமை கொப்பியில் நாலு பெயர். மூன்று மணிக்கு மூன்று சரி. மீதியிருந்தது ஒரே ஒரு பெயர்: எஸ்கோ. தெற்கிலிருந்து வந்த பல்வைத்தியர். ஆறடிக்கு மேல் உயரம், தோளில் கமரா, அடிக்கடி நின்று படம் எடுக்கிறவர். இரண்டு மணிக்குப் போனவர். மத்தியானம் முழுக்கப் பனி தூவியிருந்தது. மூன்றரைக்குக் கொன்சலா தன் பெயரை எழுதினாள். அமலியின் கன்னத்தில் முத்தமிட்டாள். கதவைத் திறந்தாள்.

எதிரே ஏரிப்பக்கம் கறுப்பாயிருந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து 'பியூ...' என்றது.

அவள் சட்டென்று திரும்பி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அம்பு காட்டிய வழியில் காட்டுக்குள் இறங்கினாள். எப்படியும் வட்டம்தானே என்று சொல்லிக்கொண்டாள். எந்தப் பக்கத்தால் போனாலும் வட்டம்தானே.

புதுப்பனியில் பெரிய சப்பாத்து அடிகள் முன்னே போயிருந்தன. அவளுக்கு ஆறுதலாயிருந்தது. ஆள் முன்னால்தான் போகிறார். எட்டிப் பிடித்தால் துணை. விளக்கைக் கீழே அடிகளின்மேல் தாழ்த்திப் பிடித்து, காலை வீசி நடந்தாள். உறைபனி காலுக்குக் கீழே க்ரச், க்ரச் என்றது. முதலாவது அறிவிப்புப் பலகை. இரண்டாவது. மூன்றாவது வளைவில், மரங்களுக்கு நடுவே, தூரத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு ஆடியது.

கூப்பிட வாயைத் திறந்தாள். அந்த நேரம் வெளிச்சம் அணைந்தது.

கொன்சலா நின்றாள். காடு முழுக்க அமைதி. இரண்டு அடி வைத்தாள். முன்னால், இருட்டுக்குள், யாரோ அவசரமாக நாலு அடி வைத்தார்கள். அவள் நின்றாள். அதுவும் நின்றது. திரும்ப ஒரு அடி. அங்கே மூன்று அடி, ஓட்டமாய். பிறகு ஏதோ சளக் என்று முறிந்தது. பிறகு ஒன்றுமில்லை.

விளக்கை வைத்திருக்கிறவர் ஏன் அதை அணைப்பார்? யாரைக் கண்டு ஓடுவார்? பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவளுடைய அடிகள் மட்டும்தான் இருந்தன, ஒன்றன்பின் ஒன்றாய், அவருடைய அடிகளுக்குப் பின்னாலேயே.

கொன்சலா இரண்டு வரிசை அடிகளையும் விளக்கால் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள். ஓடவில்லை. நடந்தாள். வீடு வந்தது. யன்னலில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே வாகினியின் மடியில் அமலி வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டிருந்தாள். அடுப்பு கனன்றது. கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தாழ்ப்பாள் போட்டிருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நிமிடம் யன்னலில் மூச்சுப் படர நின்றாள். பிறகு யன்னலை விட்டு, முன்வாசலைத் தாண்டி, ஏரிப்பக்கம் இறங்கினாள்.

இருட்டு. பலகை. கம்பம். அம்பு அவளுடைய முகத்துக்கு நேரே, திரும்பிப் போ என்பதுபோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஏரியின் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு பலகைப் பாதை தண்ணீருக்கு மேலேயே போகிற இடம் வந்தது. அங்கே கால் வைத்ததும் சத்தம் வந்தது. தூரத்திலிருந்து அல்ல. அவள் காலுக்குக் கீழிருந்து.

கத்திவிட்டாள். அவள் கத்தியது அக்கரையில் பட்டுத் திரும்பி வந்தது. அதுவும் பயங்கரமாகத்தான் இருந்தது.

கொன்சலா பலகையில் குந்தினாள். விளக்கைக் கீழே பிடித்தாள். நேற்று முன்தினம் தண்ணீர் என்று நினைத்த சாம்பல், காற்று புதுப்பனியைத் துடைத்துவிட்டதில் கறுப்புக் கண்ணாடியாய் உறைந்து கிடந்தது. உள்ளே, விரல்கடை ஆழத்தில், வெள்ளைக் குமிழிகள் அப்படியே நின்றுவிட்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது பக்கத்திலிருந்து மயிர்போல ஒரு வெள்ளை வெடிப்புக் கோடு கிளம்பி, பலகைக்குக் கீழே ஓடி, இடது பக்கம் இருட்டுக்குள் போய் மறைந்தது. கோடு போனபிறகுதான் சத்தம் எழும்பியது. பியூ... கடைசியில் அக்கரைக் கல்லில் போய் டொக், டொக்.

"நீதானா?" என்றாள் கொன்சலா.

அடுத்த கோடு எங்கேயிருந்து வரும் என்று பார்க்க விளக்கைத் திருப்பினாள். வந்தது. இன்னொன்றுக்காகக் காத்திருந்தாள். சின்னக் கோட்டுக்குச் சின்னக் குரல். நீளக் கோட்டுக்கு நீளக் குரல். கையுறையைக் கழற்றி ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ இறுகுகிற நடுக்கம் விரலுக்குள் ஏறியது. அமலியைக் கூட்டி வந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்கே புதினமாயிருந்தது.

எழும்பி நடந்தாள். வாங்கைத் தாண்டி வளைந்தபோது, எதிரே, ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து ஆறடி உருவம் ஒன்று மெதுவாக வெளியே வந்தது. விளக்கு முகத்தில் பட்டது. அவளுடைய விளக்கில் அவர் முகம். கண் இரண்டும் கோழிமுட்டை. பன்னிரண்டு வருட விடுதிப் பழக்கம் அவளையறியாமல் வாயால் வந்தது.

"குட் ஈவினிங், சேர்."

மனிதர் மூச்சை விட்டார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. வலது கால் முழங்கால் வரை நனைந்து, சப்பாத்தில் பனி பிடித்திருந்தது. பலகையை விட்டுச் சதுப்புக்குள் கால் வைத்துவிட்டார். கொன்சலா விளக்கை நெற்றியில் மாட்டினாள். அவருடைய கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுடைய தலை அவருடைய நெஞ்சுக்குத்தான் வந்தது. இருவருமாக நொண்டி நொண்டி, அம்பு காட்டிய வழியில், ஏரியோரமாக வந்தார்கள். வழியில் ஏரி இரண்டு முறை கத்தியது. எஸ்கோ இரண்டு முறையும் அவளுடைய தோளை இறுக்கிப் பிடித்தார்.

கதவு தள்ளியதும் திறந்தது.

வாகினி அவருடைய சப்பாத்தைக் கழற்றி, கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிறம் இருந்தது. உலர்ந்த காலுறை கொடுத்து, அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள். தேநீர் உள்ளே போனதும் எஸ்கோவுக்குப் பேச்சு வந்தது. அந்த நாட்டு மொழியில் படபடவென்று சொன்னார்.

"காட்டுக்குள் எனக்குப் பின்னால் ஏதோ வந்தது. நான் நடந்தால் நடந்தது. நான் நின்றால் நின்றது. அதற்கு என்னைத் தெரியக் கூடாது என்று விளக்கை அணைத்தேன். அதனால்தான் பலகை தெரியாமல் போனது."

"எப்படிப்பட்ட சத்தம்?" என்று கேட்டாள் வாகினி.

"க்ரச், க்ரச் என்று. பாரமான மிருகம். கரடியாக இருக்கலாம்."

வாகினி கொன்சலாவின் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

கொன்சலாவுக்குக் காது சுட்டது. இதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என்ன எழுதப்படும் என்று அவளுக்குத் தெரியும்.

"அது நான்தான்," என்றாள். தெரிந்த கொஞ்ச மொழியில் திக்கித் திக்கிச் சொன்னாள். "நான் பிழையான பக்கத்தால் வந்தேன். உங்களுக்குப் பின்னால். என் பிழை. உங்கள் காலும் என் பிழைதான்."

எஸ்கோ அவளை மேலிருந்து கீழே பார்த்தார். கீழே பார்க்க அதிக தூரம் இருக்கவில்லை.

"இவ்வளவுதானா கரடி?" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் என்னைக் கண்டு நடுங்குவார்கள். நான் இன்றைக்குத்தான் நடுங்கினேன்." சிரிப்பு முடியும்போது அவர் எழும்பினார். "நீங்கள்தானே கடைசியாக வந்தது. இந்த இடம் உங்களுக்கு."

"இருங்கள், இருங்கள்," என்று கொன்சலா அவரை அழுத்தி இருத்தினாள். தான் அடுப்பின் மற்றப் பக்கம் நிலத்தில் இருந்து, நித்திரைப் பிள்ளையை வாகினியிடமிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

வெளியே ஏரி கத்தியது. நீளமான கோடு ஒன்று போயிருக்க வேண்டும்.

எஸ்கோவின் கோப்பையிலிருந்து தேநீர் தளும்பியது. அவர் கொன்சலாவைப் பார்த்துக் கேட்டார்.

"அது என்ன?"

கொன்சலா வாகினியைப் பார்க்கவில்லை.

"நல்ல கேள்வி," என்றாள். "கால் காயட்டும். காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன்."

வாகினி குனிந்து அடுப்புக்கு ஒரு விறகு வைத்தாள். அவளுடைய தோள் சிரிப்பில் ஆடியதைக் கொன்சலா கண்டாள்.

எஸ்கோ கொப்பியைக் கேட்டு வாங்கித் தன் பெயருக்கு நேரே சரி போட்டார். கொன்சலா தன் பெயருக்கு நேரே போட்டாள். விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். ஐந்து பெயர். ஐந்து சரி. பிள்ளையை மெதுவாகக் கட்டிலில் கிடத்திவிட்டுக் கதவடிக்கு வந்தாள். தாழ்ப்பாளில் கையை வைத்து, பழக்கத்தில் திரும்பினாள்.

"தங்கச்சி, போடட்டோ?"

"நான் ஞாயிற்றுக்கிழமை போறன் அக்கா," என்றாள் வாகினி. "ஆரைக் கேக்கிறீங்கள்?"

கொன்சலா நெற்றி விளக்கை எடுத்தாள். பிறகு கதவைத் திறந்து, ஏரிப்பக்கம் ஒருமுறை, காட்டுப்பக்கம் ஒருமுறை விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.